‘குளிக்கத் தடை’யைக் கேட்டவர்கள்

மகனே,

போனில் சொன்னால் பாதியிலேயே "அம்மா, அப்புறம் பேசுதேன்" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பச் சொல்லி உன் அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். இந்த வருஷம் சீசன் என்னைப் பிழிந்து எடுத்துவிட்டது. கீழே வாடகைக்கு விடுகிற இரண்டு ரூமும் காலியாகவே கிடக்கவில்லை. ஒரு கூட்டம் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போதே அடுத்த கூட்டம் எண்ணெய்த் தலையோடு வாசலில் நிற்கிறது. சாரல் விடுவேனா என்கிறது. போர்வையெல்லாம் வீட்டுக்குள் கொடி கட்டித் தொங்குகிறது. அதற்கு ஃபேனைப் போட்டுவிட்டு நாங்கள் இரண்டு பேரும் புழுக்கத்தில் உட்கார்ந்திருக்கிறோம். படி ஏறினால் முழங்கால் வலிக்கிறது, இறங்கினால் அதைவிட. இந்த லட்சணத்தில் நீ போட்ட பாட்டு ரெக்கார்டு வேறு என் வீட்டுக்குள் வந்து ஒரு கலவரம் பண்ணிவிட்டுப் போயிருக்கிறது. ஆவணியில் உனக்குக் கல்யாணம். அதற்குள் நீ தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. சுற்றி வளைத்துத்தான் சொல்லுவேன். களைத்துப் போனவளுக்கு நேராகச் சொல்ல வரவில்லை.

ஆனி கடைசியில் உன் மாமனார் ஆகப்போகிறவரும் அவர் வீட்டம்மாவும் சிவகிரியிலிருந்து வந்திருந்தார்கள். பத்திரிகையில் யார் யார் பெயர் எந்த வரிசையில் வர வேண்டும் என்று பேசி முடிக்கத்தான் வந்தது. அவர்கள் மகள் கோமதிக்குத் தென்காசி ஆஸ்பத்திரியில் டூட்டி. அன்று நிறைய பேருக்குக் கை கால் பயிற்சி கொடுக்க வேண்டியிருந்ததால் அவள் வரவில்லை. அவள் அப்பாவைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. எஸ்.ஐ.யாக ரிட்டயர் ஆனவர், சர்வீஸில் இருந்த காலமெல்லாம் சீசன் வந்தால் அவருக்கு அருவிக்கரையில்தான் பந்தோபஸ்து. இப்போதும் நாற்காலியில் உட்கார்ந்தால் முதுகு சாயாது. காப்பியைக் கையில் வாங்கி இரண்டு மடக்குக் குடித்திருப்பார். திடீரென்று கீழே இருந்து சைரன் கிளம்பியது. மெயின் அருவியில் தண்ணீர் கூடினால் ஊதுவார்களே, அதே சைரன்.

அந்த மனிதர் டம்ளரை வைத்தாரா, போட்டாரா தெரியவில்லை. "தண்ணி கூடிட்டு!" என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், செருப்புகூடப் போடாமல் படியில் ஓடுகிறார். நம் வீட்டுக்கு அந்தச் சைரன் எட்டாது. இலஞ்சி ரோட்டில் இருந்துகொண்டு அருவிச் சைரனைக் கேட்க முடியாது என்று என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் கால் ஓடிவிட்டது. கீழ்ப்படி சாரலில் நனைந்து கிடந்தது. வழுக்கி, சுவரைப் பிடித்து, பாதி உட்கார்ந்து எழுந்தார். அந்த நேரம் பார்த்து உன் ரெக்கார்டின் அடி விழுந்தது. லாரிச் சக்கரத்தில் இரும்புச் சங்கிலி சிக்கி இழுபடுகிற மாதிரி ஓர் உறுமல். மேலே மேஜையில் இருந்த டம்ளரெல்லாம் கிணுகிணுத்தன. கீழ் ரூமில் மதுரைப் பையன்கள் நான்கைந்து பேர் தங்கியிருந்தார்கள். பெரிய ஸ்பீக்கர் ஒன்று கொண்டுவந்திருந்தார்கள். கதவைத் திறந்து போட்டுத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஏலே, எவம்லே அது? அமத்துலே அதை!"

நான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போவதற்குள் அவர் அந்த ரூம் வாசலில் நின்றுகொண்டிருந்தார். வேட்டியெல்லாம் ஈரம். தாடி வைத்த பையன் ஒருவன் சத்தத்தைக் குறைத்துவிட்டு, "பாட்டுதான் அங்கிள்" என்றான்.

"இது பாட்டாலே? இது என்ன சத்தம்னு தெரியுமாலே உனக்கு?"

"தெரியும் அங்கிள். குற்றாலம் சைரன். இந்த ஊர்க்காரர் ஒருத்தர்தான் பண்ணிருக்காரு. டப்ஸ்டெப்னு ஒரு வகை மியூசிக். ரெக்கார்டு பேரே ‘குளிக்கத் தடை’. முழுசாக் கேட்டுப் பாருங்க, வேற மாதிரி இருக்கும்."

கட்டிலில் படுத்திருந்த இன்னொருவன் எழுந்திருக்காமலே, "என்னத்த வேற மாதிரி? முத ரெக்கார்டுல ஒரு விஷயம் இருந்துச்சு. இதுல சும்மா போட்டுச் சாத்திருக்காப்ல. சைரன் போட்டா பயந்துருவாங்கன்னு நெனப்பு" என்றான்.

"போடா, அந்தக் கோவந்தான்டா இதுல மேட்டரே. உனக்கு மெலடி வேணும்னா வேற எங்கயாச்சும் போய்க் கேளு."

வாசலில் ஒரு பெரிய மனிதர் ஈர வேட்டியோடு மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறார். அவனும் இவனும் உன் ரெக்கார்டைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் பிறகு இன்னும் அசிங்கமாகிவிடும் என்று தோன்றியது. "அது என் மகன் பண்ணுனது" என்றேன்.

பையன்கள் வாயைப் பிளந்தார்கள். தாடிக்காரன் ஓடிவந்து என்னோடு செல்ஃபி எடுக்கப் போனை நீட்டினான். படுத்திருந்தவன் எழுந்து உட்கார்ந்து, "இல்ல ஆன்ட்டி, நல்லாத்தான் இருக்கு, நான் சும்மா சொன்னேன்" என்றான். அவன் முதலில் சொன்னதைத்தான் நான் நம்பினேன். உன் மாமனார் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"மதினி, நம்ம மாப்பிள்ளையா?"

"ஆமா அண்ணாச்சி."

பெங்களூரில் விளம்பரக் கம்பெனிக்கு ஒலி வேலை பார்க்கிறாய், சொந்தமாக மியூசிக்கும் பண்ணுகிறாய் என்று சொல்லியிருந்தோம். மியூசிக் என்றால் அவர் வேறு என்னவோ நினைத்திருக்கிறார். படியில் பாதி ஏறி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ரிட்டயர் ஆகி எவ்வளவு நாளாச்சு, மதினி. இன்னும் அந்தச் சத்தம் கேட்டா காலு ஓடுது. எத்தனை பேரைத் தண்ணிக்குள்ள இருந்து முடியப் பிடிச்சு இழுத்துருக்கேன் தெரியுமா? அதை வச்சு ஆடுதானுவ" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். மேலே வந்து ஆறிப்போன காப்பியைக் குடித்தார், பத்திரிகையில் தன் அண்ணன் பெயரை மேலே ஏற்றச் சொன்னார், கிளம்பிவிட்டார். வீட்டம்மா மட்டும் வாசலில் என் கையைப் பிடித்து, "அவிய அப்படித்தான். மனசுல வச்சுக்கிடாதீங்க" என்றார்.

அவர்கள் போன பிறகு நானும் உன் அப்பாவும் உன் ரெக்கார்டை முதலிலிருந்து கடைசி வரை கேட்டோம். கேட்காமல் இனி எந்தப் பக்கமும் பேச முடியாது என்று ஆகிவிட்டது. உன் அப்பாவுக்குப் பிடித்திருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். "லோடு தாங்காம டிரான்ஸ்ஃபார்மர் உறுமும்லா, அந்தச் சத்தத்தை எப்படிப் புடிச்சான் இவன்?" என்று கேட்டார். மின்சார வாரியத்தில் வேலை பார்த்த மனிதருக்கு அதில் என்ன தெரிந்ததோ, இப்போது காலையில் நடக்கப் போகும்போது காதில் அதை மாட்டிக்கொண்டுதான் போகிறார். தேங்காய்க்காரர் இரண்டு தடவை கூப்பிட்டும் திரும்பவில்லையாம்.

எனக்கு? பிடிக்கவில்லை. உனக்கு வருத்தமாக இருந்தாலும் அதுதான் உண்மை. ஒரு கட்டத்தில் நெஞ்சுக்குள் யாரோ கட்டிலை இழுத்துப் போடுகிற மாதிரி இருந்தது. ஆனால் கோபம், கோபம் என்று எல்லாரும் சொல்கிறார்களே, எனக்கு அது கோபமாகக் கேட்கவில்லை. மூன்றாவதாக வருகிற பகுதியில் எல்லாச் சத்தமும் ஓய்ந்து, மூச்சு இழுக்கிற நேரம் ஒன்றுமே இல்லாமல் கிடந்து, பிறகு மறுபடி அடிக்க ஆரம்பிக்கிறதே, அந்த இடத்தில் இவன் களைத்திருக்கிறான் என்று பட்டது. களைத்தவன்தான் அவ்வளவு கத்துவான். நானும் இந்தச் சீசனில் அப்படித்தான் கத்திக்கொண்டிருக்கிறேன், வேலைக்கு வருகிற பெண்ணிடமும், தண்ணீர்த் தொட்டியிடமும், உன் அப்பாவிடமும். சரியாகத் தூங்குகிறாயா நீ? இதைப் போனில் கேட்டால் "ம்" என்பாய்.

சின்னதில் உனக்குச் சத்தம் என்றால் பயம் என்பது ஞாபகம் இருக்கிறதா? இலஞ்சிக் கோயில் திருவிழாவில் வெடி போட்டால் என் சேலைக்குள் தலையை விட்டுக்கொள்வாய். மிக்சி போட்டால் பின்வாசலுக்கு ஓடுவாய். ஆறாவது படிக்கும்போதோ என்னவோ, ஒரு நாள் நீயே போய் மிக்சியைப் போட்டுவிட்டு அதன் முன்னாலேயே நின்றாய். ஒன்றும் அரைபடவில்லை, வெறும் ஜாடி ஓடிக்கொண்டிருந்தது. நான் அடிக்கக் கை ஓங்கினேன். "நான் போட்டா பயமா இல்லம்மா" என்றாய். அதற்குப் பிறகு நீ என்னென்ன சத்தம் போட்டாலும் எனக்கு அந்த மிக்சி நினைவுதான் வரும். மற்றவர்களுக்கு அது எப்படித் தெரியும்? அவர்களுக்கு ஜாடி ஓடுகிற சத்தம் மட்டும்தான் கேட்கும். பிடித்தால் கேட்பார்கள், பிடிக்காவிட்டால் காதைப் பொத்துவார்கள். இரண்டுக்கும் அவர்களுக்கு உரிமை இருக்கிறது.

இதை எனக்குச் சொல்லித் தந்ததே நீதான். போன சீசனுக்கு முந்தின சீசனில் நம் ரூமில் தங்கிப் போன ஒரு பெண், இன்டர்நெட்டில் ஒற்றை நட்சத்திரம் போட்டு, போர்வை நாறுகிறது, வீட்டுக்கார அம்மா மூஞ்சியைக் காட்டுகிறாள் என்று எழுதிவிட்டது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. உன் பிள்ளை கட்டிலில் மூத்திரம் போனதை யார் துவைத்தது என்று நீளமாக ஒரு பதில் அடித்து, போடுவதற்கு முன்னால் உனக்குப் படித்துக் காட்டினேன். நீ என்ன சொன்னாய்? "அம்மா, போடாத. அவங்க காசு கொடுத்துத் தங்கிட்டு, தோணினதைச் சொல்லுதாங்க. தேங்க்ஸ்னு மட்டும் போடு, இல்லன்னா ஒண்ணும் போடாத" என்றாய். அன்றைக்கு உன்மேல் எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனாலும் போடவில்லை. அடுத்த வாரம் புதுப் போர்வை வாங்கினேன்.

சரி, சொல்ல வந்ததற்கு வருகிறேன். போன வாரம் டூட்டி முடிந்து கோமதி நேராக இங்கே வந்தாள். பஸ்ஸை விட்டு இறங்கி மழையில் நடந்தே வந்திருக்கிறாள். தலையைத் துவட்டிக்கொள்ளத் துண்டு கொடுத்தேன். அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், துவட்டவில்லை. பிறகு போனை எடுத்து ஒன்றைக் காட்டினாள்.

அவள் அப்பா சிவகிரிக்குப் போன பிறகு அவளிடம் உன் ரெக்கார்டைப் போடச் சொல்லிக் கேட்டிருக்கிறார். முழுதும் கேட்டிருக்கிறார், மனு விசாரிக்கிற மாதிரி கையைக் கட்டிக்கொண்டு. கேட்டுவிட்டு, இன்டர்நெட்டில் இதற்குக் கீழே நாம் ஏதாவது எழுதலாமா என்று கேட்டாராம். ஒற்றை விரலால் அடித்து அடித்து அவரே எழுதியிருக்கிறார். "சைரன் சத்தம் வேண்டாம். அதைக் கேட்டு ஓடியவர்கள் இருக்கிறார்கள். மற்றது எனக்குப் புரியவில்லை. தொடர்ந்து செய்யவும்." அவ்வளவுதான். அவர் கணக்கில் பெயர் கிடையாது. ஒரு முருகன் படம் மட்டும்தான். யாரென்று உனக்குத் தெரிந்திருக்காது.

அதற்குக் கீழே நீ போட்ட பதில் இப்போது உனக்கு ஞாபகம் வந்திருக்கும். நான் எழுதித்தான் தீர வேண்டும். "அருவிப் பக்கமே எட்டிப் பார்க்காத கிழடுகளுக்கு இதெல்லாம் புரியாது. போய் மாத்திரை போட்டுத் தூங்கு." அதற்குக் கீழே உன் ஆட்கள் வரிசையாகச் சிரிக்கிற முகமாகப் போட்டுத் தள்ளியிருக்கிறார்கள்.

"அப்பா பாத்தாங்களாம்மா?" என்று கேட்டேன்.

"பாத்தாங்க அத்தை. சிரிச்சாங்க. ‘மாத்திரை போட்டாச்சு, தூக்கந்தான் வரல’ன்னாங்க. அப்புறம் போனைக் கவுத்து வச்சிட்டாங்க. ‘மாப்பிள்ளைக்கு நான்னு தெரியாதுல்லா, விடு’ன்னாங்க."

"அவனுக்குத் தெரியாதும்மா. தெரிஞ்சிருந்தா..."

"அதான் அத்தை எனக்கு இடிக்குது" என்றாள். குரலை உயர்த்தவில்லை. நோயாளியிடம் எந்த இடத்தில் வலிக்கிறது என்று கேட்பவள் மாதிரிதான் பேசினாள். "எங்கப்பான்னு தெரிஞ்சா எழுதிருக்க மாட்டாங்க. தெரியாத ஆளுன்னா எழுதுவாங்களா? கல்யாணம் பேசுததுக்கு முன்னால நானும் தெரியாத ஆளுதானே? நான் ஏதாவது எழுதிருந்தா எனக்கும் இதானா பதிலு? அப்பாவைச் சொல்லிட்டாங்கன்னு எனக்கு வருத்தம் இல்ல. இதைக் கேக்காம நான் எப்படிக் கழுத்தை நீட்டுவேன், சொல்லுங்க."

என் பிள்ளை அப்படிப்பட்டவன் இல்லை என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அவள் கையில் நீ எழுதியது இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவளிடம் நான் என்ன சாட்சி சொல்வது? துண்டை வாங்கி அவள் தலையை நானே துவட்டிவிட்டேன். காப்பி போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டு, உன் ரெக்கார்டைப் பற்றி அவளாகவே பேசினாள். அது ஒன்றும் கெட்டதில்லையாம். நாலு பகுதி நன்றாக இருக்கிறதாம். சைரன் வருகிறதும் அதற்கு அடுத்ததும் மட்டும் யாருக்கோ காட்டுவதற்காகப் பண்ணிய மாதிரி இருக்கிறதாம். உன்னிடமும் இதைச் சொன்னாளாம், நீ "உனக்கு இந்த ஜானர் புரியாது" என்றாயாம். "புரியாதுன்னா புரியுத வரைக்கும் சொல்லலாம்லா அத்தை, நாங்க என்ன ஓடியா போயிருவோம்?" என்றாள். "நாங்க" என்றுதான் சொன்னாள். தன்னை மட்டும் சொல்லவில்லை. அவள் அப்பாவையும் சேர்த்துத்தான் சொன்னாள்.

அந்தச் சைரனை எடு என்று நான் சொல்லமாட்டேன். எனக்கு அதில் ஞானம் இல்லை. மதுரைப் பையனுக்கு அது உயிர், கட்டிலில் கிடந்தவனுக்கு அது வித்தை, அந்தப் பெரியவருக்கு அது யாரோ ஒருவருடைய முடியைப் பிடித்து இழுத்த ஈரக் கை, எனக்கு அது அந்த மிக்சி. நாலு பேருக்கு நாலு விதமாகக் கேட்கிறது, நாலும் உன் ரெக்கார்டில்தான் இருக்கிறது. எதை வைப்பது, எதை எடுப்பது என்பது நீ உட்கார்ந்து யோசிக்க வேண்டியது. ஆனால் கேட்டவனை ஏன் கேட்டாய் என்று திட்டாதே. வேலையைச் செய்துவிட்டோம், வெளியே அனுப்பிவிட்டோம், பிறகு அதைத் தொட்டவன் கையைத் தட்டிவிட்டுக்கொண்டே இருந்தால் எத்தனை நாளைக்கு முடியும்? எனக்கு வயதாகிவிட்டது, தம்பி. யாரோடும் ஜெயிக்க வேண்டும் என்று தோன்றுவதில்லை. உனக்கு இப்போதே அப்படித் தோன்ற வேண்டாம். முருகன் படம் போட்ட கிழவரிடமாவது ஜெயிக்காமல் இரு.

இதைப் படித்த உடனே அந்தப் பதிலை அழிக்கக் கை துடிக்கும். அழி, அழிக்காமல் இரு, உன் இஷ்டம். அவளிடம் அதன் படம் இருக்கிறது. உடனே அவள் அப்பாவுக்குப் போன் பண்ணி மாமா, மன்னிச்சுக்கோங்க என்று தொடங்காதே. மாமனார் என்று தெரிந்த பிறகு கேட்கிற மன்னிப்பு அவருக்குப் போதும். அவர் எங்களை மாதிரி, விட்டுவிடுகிற வயது. அவளுக்கு அது போதாது.

வருகிற சனிக்கிழமை தென்காசியில் பஸ் ஏறி ஞாயிறு காலையில் கோமதி பெங்களூர் வருகிறாள், உன்னைப் பார்க்க. டிக்கெட் எடுத்துக் கொடுத்ததே அவள் அப்பாதான். "நேர்ல போய்க் கேட்டுட்டு வா. பத்திரிகை அச்சுக்கு அப்புறம் கொடுப்போம்" என்றாராம். உனக்கு முன்கூட்டிச் சொல்லலாமா என்று அவளிடமே கேட்டேன். "தாராளமாச் சொல்லுங்க அத்தை. யோசிச்சு வைக்கட்டும்" என்றாள்.

நான் யோசித்து வைக்கச் சொல்லமாட்டேன். யோசித்தால் நீ பதில் தயார் பண்ணுவாய். வீட்டைக் கூட்டி வை. அந்த வயர்களையெல்லாம் கால் தடுக்காமல் ஓரமாகச் சுருட்டு. பஸ்ஸில் வந்தவளுக்கு முதலில் குளிக்க வெந்நீர் வை, சாப்பிட ஏதாவது சூடாகக் கொடு. பிறகு எதிரே உட்கார். அவள் பேசும்போது நடுவில் புகுந்து உனக்குப் புரியாது என்று சொல்லாதே. கடைசி வரைக்கும் கேள். சிவகிரியிலிருந்து தென்காசி வருகிற பஸ்ஸில், ஜன்னலோரத்தில் நின்றுகொண்டு, பிடிக்காத இடத்தைக்கூடத் தள்ளிவிடாமல் அவள் உன்னுடையதைக் கடைசி வரைக்கும் கேட்டிருக்கிறாள்.

அம்மா